குறுக்குவில்லும் எங்கள் வெயிலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வயலுக்குள் இறங்கும் பன்றியைச் சத்தமில்லாமல் விழுத்தலாம், இறைச்சியும் வீண்போகாது என்று, துவக்கைப் போல விசையை அழுத்தி அம்பு எய்யும் குறுக்குவில்லைப் பரிந்துரைக்கும் கட்டுரை ஒன்று உங்கள் வாரஇறுதிப் பதிப்பில் வந்திருந்தது. எழுதியவரின் நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. தம்பலகாமத்திலோ கந்தளாயிலோ சேருவிலவிலோ ஒரே இரவில் பன்றிக் கூட்டம் கிளறிப்போட்ட வயலைக் காலையில் பார்க்கும் கமக்காரனுக்கு எந்த வழியும் நல்ல வழியாகவே தெரியும். பன்றிவெடியையும் கட்டுத்துவக்கையும் விட வில் மேல் என்று அவர் சொல்வதும் சரிதான். இரைக்குள் ஒளித்து வைக்கும் பன்றிவெடி யானைக் குட்டியின் தாடையைக் கிழிக்கிறது. கம்பியில் தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு விறகுக்குப் போனவனின் காலை எடுக்கிறது. வில்லோ, பிடித்திருப்பவன் கண்ணால் கண்டதை மட்டும்தான் தாக்கும்.

ஆனால் கட்டுரையில் இருக்கும் தகவல்கள் வட அமெரிக்க வேட்டைக் காணொளிகளில் இருந்து அப்படியே எடுக்கப்பட்டவை போலத் தெரிகின்றன. கனடாவில் இருக்கும் நம்மவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து இங்குள்ள இளைஞர்களும் அதைத்தான் நம்புகிறார்கள். அந்த வேட்டையின் ஒவ்வொரு விதியும் குளிரை நம்பி எழுதப்பட்டது. அந்த ஒன்றை விட்டுவிட்டு மீதியைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சட்டம், சுருக்கமாக. கட்டுரையில் ‘மான், பன்றி போன்றவற்றை’ என்று போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது. மான், மரை, சருகுமான் எல்லாம் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நாடு முழுவதும் பாதுகாக்கப்பட்டவை. துவக்கால் சுட்டாலும் வில்லால் எய்தாலும் குற்றம் ஒன்றே. பன்றியின் நிலை வேறு. ஆனால் சேருவில–அல்லை சரணாலயம், சோமாவதி, கவுடுல்ல தேசியப் பூங்காக்கள் போன்றவற்றின் எல்லைக்குள் பன்றியையும் தொடக்கூடாது. எந்த இடத்தில் கொல்லலாம், எதனால் கொல்லலாம், இறைச்சியை எதுவரை கொண்டுபோகலாம் என்பதை வனஜீவராசிகள் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிய பிறகுதான் மற்றப் பேச்சு. ‘வெளிநாடுகளில் எல்லாம் அனுமதி உண்டு’ என்பதும் சரியில்லை. பிரித்தானியாவில் 1981 ஆம் ஆண்டுச் சட்டம் காட்டு விலங்கை எந்த வில்லாலும் கொல்வதைத் தடைசெய்கிறது. ஜேர்மனியில் மான், பன்றி முதலிய குளம்பு விலங்குகளை அம்பால் எய்யக்கூடாது. அனுமதிக்கும் ஒன்ராரியோவிலும் அளவு எழுதப்பட்டிருக்கிறது: மானுக்கு நாண் பாரம் (நாணை இழுத்து மாட்டத் தேவைப்படும் பாரம்) குறைந்தது 45 கிலோ, மூஸ், கரடி போன்ற பெரியவற்றுக்கு 54 கிலோ, நாண் இழுபடும் தூரம் 300 மில்லிமீற்றர், அம்பின் நுனியில் வெட்டும் அலகு 22 மில்லிமீற்றர் அகலம், அதில் குறைந்தது இரண்டு கூரிய விளிம்புகள். பயிற்சியும் உரிமப் பத்திரமும் தனி.

அந்த எண்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பதைப் பார்த்தால், ‘ஊர் வெல்டிங் கடையிலேயே செய்துகொள்ளலாம்’ என்ற யோசனை எவ்வளவு பிழை என்பது விளங்கும். வில்லின் வலு நாண் பாரத்தில் மட்டும் இல்லை. அந்தப் பாரம் அம்பை எவ்வளவு தூரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிறது என்பதில்தான் மற்றப் பாதி இருக்கிறது. கடையில் விற்கும் கப்பி வைத்த குறுக்குவில்லில் நாண் 33 முதல் 38 சென்ரிமீற்றர் வரை ஓடும். பாரம் 80 கிலோ அளவு. அதிலிருந்து 27 கிராம் அம்பு ஒன்று வினாடிக்கு 110 மீற்றர் வேகத்தில் புறப்படும், அதன் சக்தி ஏறத்தாழ 160 ஜூல். லொறி வில்லுத்தகட்டை வளைத்துச் செய்யும் வில்லில் பாரம் அதே 80 கிலோவாக இருந்தாலும் நாண் 15 சென்ரிமீற்றருக்கு மேல் ஓடாது. அதில் சேரும் சக்தியே 60 ஜூலுக்குக் குறைவு. அதிலும் ஒரு பங்கு கனமான தகட்டைத் திருப்பி அசைப்பதிலேயே போய்விடும். தகட்டை வெட்டி ஒட்டும்போது சூடு பட்ட இடத்தில் பதம் போகும், நூறு தடவை வளைந்து கொடுத்தது நூற்றோராவது தடவை ஒட்டுக்குப் பக்கத்தில் தெறிக்கும். தெறிக்கும் துண்டு போகும் திசையில் முகம்தான் இருக்கும்.

நல்ல வில்லும் கவனம் கெட்டால் கையைக் கடிக்கும். முன்பிடியைப் பிடித்திருக்கும் கையின் பெருவிரல் அம்பு ஓடும் தடத்துக்கு மேலே எழும்பி நின்றால், விசையை அழுத்தியதும் நாண் அதைச் சீவிக்கொண்டு போகும். வில்வேட்டை நடக்கும் நாடுகளில் மருத்துவர்கள் நன்றாக அறிந்த காயம் இது. அம்பு இல்லாமல் நாணை விட்டால் அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுவதும் வில்லின் வளையும் கைகளுக்கே திரும்பும், அந்த வில்கை பிளக்கும் அல்லது கப்பி வளையும். தயாரித்தவர் சொன்ன எடையை விட இலேசான அம்பைப் போட்டாலும் கிட்டத்தட்ட அதே கதைதான். அம்பின் பின்முனைக் குதை இந்த வில்லுக்கு உரியதா என்று பார்க்காமல், கிடைத்ததைப் போடுவது இன்னொரு வழக்கம். குதை பொருந்தாவிட்டால் நாண் அம்பின் மேலாக ஏறி வழுக்கும், அதுவும் வெறும் நாண் விட்டதற்குச் சமம். ஏற்றிய வில்லை இறக்குவதற்கு விசையை மெல்லமாக விடலாம் என்று நினைக்கக்கூடாது. பழைய அம்பு ஒன்றைப் போட்டு மெத்தென்ற மண்ணிலோ இலக்குப் பொதியிலோ எய்துதான் இறக்க வேண்டும். கடற்கரை ஊரில் இன்னொரு தொல்லை உப்புக் காற்று. விசைப்பெட்டிக்குள் துரு பிடிக்கும், அலகின் விளிம்பு ஒரு மாதத்தில் மழுங்கும். தகரக் கொட்டிலில் வைத்த வில்லின் நாணில் பூசிய மெழுகு உருகி வடிந்து, புழுதி ஒட்டி, நடுச்சுற்று நூல் பிரியத் தொடங்கும். நூல் பிரிந்த நாணை ஏற்றவே கூடாது.

இனி ‘சத்தமில்லாதது’ என்ற கூற்று. குறுக்குவில் எய்யும்போது எழும் ஓசை பலகையில் பலகை அறைவது போல இருக்கும், துவக்கோடு ஒப்பிட்டால்தான் அது மௌனம். விலங்குக்கு அது கேட்கிறது. கேட்பது அம்புக்கு முந்தி. நம் வெப்பத்தில் ஒலி வினாடிக்குச் சுமார் 345 மீற்றர் போகும், அம்பு 110. இலக்கு 20 மீற்றரில் இருந்தால் ஒலி போய்ச் சேர்ந்து பத்தில் ஒரு வினாடிக்குச் சற்றே மேலே ஆவதற்குள் அம்பும் போய்விடும். விலங்கு திடுக்கிடுவதற்கே அவ்வளவு நேரம் பிடிக்கும், நகர நேரமில்லை. 40 மீற்றரில் இடைவெளி கால் வினாடி. திடுக்கிட்ட மான் பாய்வதற்காக முதலில் காலை மடக்கி உடலைப் பதிக்கும். மீதி நேரத்தில் அது 10 சென்ரிமீற்றருக்கு மேல் கீழே இறங்கிவிடும், உடலும் திரும்பத் தொடங்கியிருக்கும். நுரையீரலுக்கு விட்ட அம்பு முதுகுத் தசையில் ஏறும். பன்றியும் தலை தூக்கிக் காதை விறைத்து நிற்கும்போது இப்படித்தான். தலை தாழ்த்தித் தின்றுகொண்டிருக்கும் பன்றி கொஞ்சம் மந்தம்.

கட்டுரை சொல்லும் 60 மீற்றர் தூரத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் அம்பின் தாழ்வு. 20 மீற்றருக்குச் சரிபார்த்த குறிநோக்கியில், 30 மீற்றரில் அம்பு 10 சென்ரிமீற்றர் அளவு தாழ விழும். 40 மீற்றரில் கால் மீற்றருக்கும் மேல். 60 மீற்றரில் ஏறத்தாழ ஒரு மீற்றர். நடுத்தரப் பன்றியின் நெஞ்சறை மேலிருந்து கீழாக 15 முதல் 20 சென்ரிமீற்றர்தான். அதாவது 40 மீற்றரில் நிற்கும் பன்றியை 30 என்று கண்மட்டில் நினைத்தாலே அடி தவறிவிடும். நெல் வயலில் இரவில் ரோர்ச் வெளிச்சத்தில் அந்தப் பத்து மீற்றர் வித்தியாசத்தைச் சரியாகச் சொல்லும் கண் யாருக்கும் இல்லை. தூரமானி வைத்திருப்பவரும் நெற்கதிரில் ஒளி தெறித்து வரும் பிழை எண்ணைத்தான் பெறுவார். ஆகவே அனுபவப்பட்டவர்கள் சொல்லும் 25, 30 மீற்றர் எல்லை எச்சரிக்கைக்காகக் குறைத்துச் சொன்னது என்று எண்ணவேண்டாம். காற்று, புல், இருட்டு எல்லாம் சேர்ந்தால் அதையும் குறைக்க வேண்டும். பரணில் நாலைந்து மீற்றர் உயரத்தில் இருந்து எய்வது இரண்டு வகையில் உதவும்: மனித வாடை மேலே போகும், அம்பு கீழ்நோக்கி நுழைந்து நெஞ்சின் அடியால் வெளியேறுவதால் இரத்தம் உள்ளே தேங்காமல் நிலத்தில் சிந்தும். வாடை பிடிப்பதில் பன்றியை ஏமாற்ற முடியாது. காற்று முதுகுப் பக்கம் இருந்தால் அன்றைக்கு வீட்டில் படுத்துக்கொள்ளலாம்.

அம்பு எப்படிக் கொல்கிறது என்பதில்தான் எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இருக்கிறது. மேலே சொன்ன 160 ஜூல் என்பது சிறிய .22 ரவையின் சக்தி. 12 போர் துவக்கின் தனிக்குண்டுக்கு அதைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் உண்டு. குண்டின் அதிர்ச்சியில் விலங்கு விழலாம், எலும்பு நொறுங்கலாம். அம்புக்கு அதிர்ச்சி கிடையாது. அதன் அலகு நாளங்களை வெட்டிக்கொண்டு போகிறது, இரத்தம் வடிந்துதான் விலங்கு சாகிறது. அதனால் அலகு சவரக்கத்தி போல் இருக்க வேண்டும். ஒருமுறை மணலில் குத்திய அலகை மறுபடி தீட்டாமல் விலங்குக்கு எய்யக்கூடாது. இரண்டு நுரையீரலும் துளைபட்ட மான் 50, 100 மீற்றர் ஓடி அரை நிமிடத்துக்குள் விழும். ஒரு நுரையீரல் மட்டும் என்றால் கிலோமீற்றர்க் கணக்கிலும் போகும். பன்றியில் இன்னும் இரண்டு தொல்லை. முற்றிய ஆண் பன்றியின் தோளில் தோலுக்கு அடியில் சில சென்ரிமீற்றர் தடிப்பில் குருத்தெலும்பு போன்ற இறுகிய தட்டு ஒன்று இருக்கும், மற்ற ஆண்களின் கொம்புப் பல்லுக்கு எதிராக அது வளர்ந்தது. அலகு அதில் சிக்கினால் ஆழம் போகாது. அடுத்தது கொழுப்பு. காயத்தின் வாயைக் கொழுப்பும் மயிரும் அடைத்துவிடும், உள்ளே இரத்தம் நிறைந்தாலும் வெளியே முதல் 30, 40 மீற்றருக்கு ஒரு சொட்டும் விழாமல் போகலாம். அம்பு மறுபக்கத்தால் வெளியே வராத பன்றியைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. விரியும் அலகை விட நிலையான, தடித்த இரண்டு அல்லது மூன்று விளிம்பு அலகைப் பன்றிக்கு விரும்புவது இதனால்தான். விரிவதற்கே சக்தியில் ஒரு பங்கு போகும், எலும்பில் பட்டால் விளிம்பு முறிந்து இறைச்சிக்குள் கிடக்கும்.

இப்போது காத்திருத்தல். அம்பு பட்ட விலங்கை உடனே துரத்தக்கூடாது. துரத்தினால் உயிர் இருக்கும்வரை ஓடும். விட்டால் பக்கத்துப் பற்றைக்குள் படுத்து அங்கேயே சாகும். வட அமெரிக்க வேட்டைக்காரர் அம்பை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வர். அம்பில் இளஞ்சிவப்பாக நுரைத்த இரத்தம் இருந்தால் நுரையீரல், அரை மணி பொறுத்தால் போதும். கருஞ்சிவப்பாக, நுரையில்லாமல் இருந்தால் ஈரல், மூன்று நாலு மணித்தியாலம். பச்சையாகப் பிசுபிசுத்து, சாண நாற்றம் வந்தால் குடல், எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம், பெரும்பாலும் மறுநாள் காலைவரை. சொட்டுகளின் வாலைப் பார்த்து ஓடிய திசையைத் தெரிந்துகொள்வர், கடைசியாகக் கண்ட சொட்டில் ஒரு துண்டுக் கடதாசியைக் குத்திவிட்டுத்தான் அடுத்ததைத் தேடுவர். நிதானமான, நல்ல முறை.

அந்த முறை நடப்பது நவம்பர் மாதத்து ஒன்ராரியோவில். அங்கே இரவில் வெப்பம் பூச்சியத்தை ஒட்டி இருக்கும். குடல் கிழிந்த மான் விடியும்வரை கிடந்தாலும் இறைச்சியின் பெரும்பகுதி தப்பும். இங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெப்பம் 34, 35 பாகை, நடுச்சாமத்திலும் 25க்குக் கீழே இறங்குவது அரிது. செத்த பன்றியின் வயிற்றுக்குள் 38 பாகை அப்படியே நிற்கும், தோலும் கொழுப்பும் அந்தச் சூட்டைப் பொத்திப் பிடித்திருக்கும். அந்தச் சூட்டில் குடல் கிருமி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நாலு மணித்தியாலத்தில் பன்னிரண்டு தடவை, ஒன்று நாலாயிரத்துக்கு மேலாகும். ஈரலில் பட்ட பன்றிக்காகக் காத்திருந்தால் கிடைப்பது வயிறு ஊதிய பிணம். காத்திருக்காமல் போனால் பன்றி வெருண்டு ஓடித் தொலையும், இல்லாவிட்டால் இருட்டுப் பற்றைக்குள் காயத்தோடு திரும்பி நின்று தாக்கும். அதே பற்றைக்குள் யானையும் கரடியும் இருக்கும் மாவட்டம் இது. மாரியில் குளிர்கிறதே என்று சொல்லலாம். பெரும்போக நெல் பால் பிடித்து முற்றும் காலத்துக்கும் வாடைக்காற்று மழைக்கும் அவ்வளவு தூரமில்லை, இரத்தச் சுவட்டைக் கழுவிப்போகப் பத்து நிமிட மழை போதும். ஆக, நுரையீரலில் நேராகப் பட்ட அம்பு ஒன்றுதான் இங்கே இறைச்சி தரும். அந்த அடி இல்லாத மற்ற எல்லா அடிக்கும் வட அமெரிக்காவில் ஒரு மாற்று வழி இருக்கிறது, எங்களுக்கு இல்லை. 20 மீற்றருக்குள், பக்கவாட்டாக நின்றால் மட்டும் எய்வேன் என்று இருப்பவரைத் தவிர வேறு யாரும் இந்த மண்ணில் இறைச்சிக்காக வில்லை எடுப்பதில் பொருள் இல்லை.

வில் இந்த நாட்டுக்குப் புதிதல்ல என்று கட்டுரையாளர் வேடர்களைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார். நல்ல சாட்சி, ஆனால் அவருக்கு எதிரான சாட்சி. 1660 இல் எங்கள் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டியரசில் கிட்டத்தட்ட இருபது வருடம் சிறையிருந்த ஆங்கிலக் கப்பலோட்டி ரொபர்ட் நொக்ஸ் வேடர்களைப் பற்றி எழுதியதில் இரண்டு செய்திகள் இங்கே பொருந்தும். அம்பலகு வேண்டும் வேடர்கள் இரவில் கொல்லன் பட்டறையில் ஒரு சுமை இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய வடிவில் வெட்டிய இலை ஒன்றையும் வைத்துவிட்டுப் போவார்களாம். அலகின் அளவில் அவர்களுக்கு அவ்வளவு கண்டிப்பு. மற்றது, இறைச்சியை மரப்பொந்தில் தேனுக்குள் அமிழ்த்தி, வாயைக் களிமண்ணால் மூடி வைப்பார்கள் என்பது. குளிர் இல்லாத நாட்டில் வில்லால் வாழ்ந்தவர்கள் விலங்குக்கு மிக அருகே போனார்கள், நாயைக் கொண்டு உடனே தேடிப் பிடித்தார்கள், அன்றே வாட்டினார்கள், மிச்சத்தைத் தேனில் போட்டார்கள். மறுநாள் காலையில் தேடலாம் என்ற விதி அவர்களிடம் இருக்கவில்லை.

சட்டப்படி கொல்லப்பட்ட பன்றி கையில் கிடைத்துவிட்டால், அம்பால் விழுந்தாலும் துவக்கால் விழுந்தாலும், அடுத்த ஒரு மணித்தியாலம்தான் இறைச்சியின் விதி. கட்டுரை இதை ‘சுத்தம் செய்து’ என்ற இரண்டு சொற்களில் முடித்துவிட்டது. முதலில் கையுறை, மெல்லிய றப்பர் கையுறை இரண்டு சோடி. பன்றியின் இரத்தத்தில் புருசெல்லா கிருமி இருக்கலாம், சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். விரலில் உள்ள சிறு வெட்டு போதும். பன்றியை மல்லாக்கக் கிடத்தி, தலைப்பக்கம் சற்று உயர இருக்கட்டும். குதத்தைச் சுற்றி வட்டமாக வெட்டி, குடல் நுனியை வெளியே இழுத்து நூலால் இறுக்கிக் கட்டுங்கள். பிறகு இடுப்பெலும்புக்கு முன்னால் தோலில் சிறு வாய் திறந்து, இடது கையின் இரு விரலை உள்ளே விட்டு வயிற்றுச் சுவரைத் தூக்கி, கத்தியின் கூர் மேல்நோக்கியிருக்க அந்த இரு விரலுக்கு நடுவால் நெஞ்செலும்புவரை கிழித்துப் போக வேண்டும். கூரைக் கீழ்நோக்கிப் பிடித்தால் இரைப்பை கிழியும். சலப்பையைக் கிள்ளிக் கட்டி அறுக்க வேண்டும், அழுத்தக்கூடாது. நெஞ்சறைக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் சவ்வை விலாவை ஒட்டி வெட்டிவிட்டு, கையை உள்ளே விட்டு மூச்சுக்குழாயைப் பிடித்து அறுத்து இழுத்தால், எல்லாம் ஒரே கோர்வையாக வெளியே வரும். நெஞ்சில் பட்ட விலங்குக்குக் கழுத்தறுத்து இரத்தம் வடிக்கத் தேவையில்லை, இரத்தம் முழுவதும் ஏற்கனவே அந்த அறைக்குள்தான் கிடக்கும்.

குடற்கழிவு சிந்திவிட்டால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது நம் வழக்கம். அது ஓரிடத்து அழுக்கை உடல் முழுவதும் பரப்பும். பட்ட இடத்தைச் சுற்றி இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்பில் சீவி எறிந்துவிட்டு, துணியால் துடைப்பதுதான் சரி. அம்பு போன பாதையையும் அப்படியே வெட்டி எடுக்க வேண்டும். அலகின் எல்லா விளிம்பும் கணக்கில் வந்தனவா என்று எண்ணிப் பார்க்காமல் அந்தத் துண்டை யாருக்கும் கொடுக்கக்கூடாது. வைக்கோல் மூட்டி மயிர் பொசுக்குவதைக் குடல் எடுப்பதற்கு முன் செய்வது பெரும்பிழை, ஆற வேண்டிய உடலை மறுபடி சூடாக்குகிறது. தோலை உரித்துவிடுவதே நல்லது. முதலில் கெடுவது பின்தொடையின் எலும்பு மூட்டு. வெளியே நன்றாகத் தெரியும் தொடையை அடுத்த நாள் வெட்டினால் எலும்பைச் சுற்றிப் பச்சை படர்ந்து புளித்த நாற்றம் அடிக்கும். தொடையை எலும்புவரை நீளமாகப் பிளந்து சூடு வெளியேற வழி விட வேண்டும்.

பிறகு ஐஸ். 60 கிலோ பன்றியில் குடல், தலை நீங்க 40 கிலோ அளவு தேறும், எலும்பும் நீக்கினால் 25 கிலோ. அந்த 40 கிலோவை 38 பாகையிலிருந்து 4 பாகைக்கு இறக்கக் கணக்குப்படி 14 கிலோ ஐஸ் முழுதாக உருக வேண்டும். றெஜிபோம் பெட்டியின் கசிவையும் திறந்து மூடுவதையும் சேர்த்தால் 25 கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். மீன்துறையில் வாங்கும் நொறுக்கிய ஐஸ், கட்டி ஐஸை விட வேகமாகக் குளிர்விக்கும். இறைச்சி பொலித்தீன் பைக்குள், அடியில் உருகும் தண்ணீர் வடிய ஒரு துளை. இந்த ஐஸ் முன்கூட்டியே வந்து நிற்காத இடத்தில் பன்றியை இறைச்சிக்கென்று கொல்வதைப் பற்றி யோசிக்கவே கூடாது. கொன்ற பிறகு மோட்டார் சைக்கிளில் ஐஸ் தேடிப் போவது மிகவும் பிந்திய வேலை.

சமையலில் பயம் டிரிக்கினெல்லா என்ற புழு. இறைச்சியின் நடு 71 பாகையைத் தொட்டால் அது சாகும். அங்குலத் துண்டாக வெட்டி அரை மணித்தியாலத்துக்கு மேல் கொதிக்கும் நம்மூர்க் கறியில் அந்தப் பயம் இல்லை. நெருப்பில் வாட்டி உள்ளே சிவப்பாக இருக்கத் தின்பதிலும் வத்தலிலும்தான் இருக்கிறது. உப்பும் வெயிலும் புகையும் அந்தப் புழுவைக் கொல்லும் என்று நம்பக்கூடாது. பன்றி வத்தலையும் கொதிக்க வைத்துத்தான் உண்ண வேண்டும். இன்னொன்று, 2024 பிற்பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டில் உறுதிசெய்யப்பட்டது. மனிதருக்கு அது தொற்றாது, ஆனால் காட்டுப் பன்றியின் குடலை வீட்டுப் பன்றி வளர்ப்பவரின் வேலிக்குப் பக்கத்தில் எறிந்தால் அவரது பட்டி அழியும். குடலை ஒரு மீற்றர் ஆழத்தில் புதைக்க வேண்டும். தானாகச் செத்துக் கிடக்கும் பன்றியைத் தொடாமல் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

பயிரைக் காப்பதுதான் நோக்கம் என்றால் இறைச்சிக் கதையை ஒருபுறம் வைத்துவிடலாம். பன்றியிறைச்சி தொடாத குடும்பங்களின் வயல்கள் கிண்ணியாவிலும் மூதூரிலும் ஏராளம், அவர்களுக்கும் பொருந்தும் வழிதான் தேவை. ஒரு பன்றியைக் கொன்றால் கூட்டம் இரண்டு நாள் வராது, மூன்றாம் நாள் பக்கத்து வரம்பால் வரும். பன்றிக்கென்று போடும் மின்வேலி யானை வேலி போல உயர வேண்டியதில்லை: நிலத்திலிருந்து ஒரு சாணில் ஒரு கம்பி, இரண்டு சாணில் ஒரு கம்பி, விட்டுவிட்டுத் துடிக்கும் மின்னூட்டியோடு. பன்றி மூக்கால்தான் தடவிப் பார்க்கும், ஈர மூக்கில் ஒருமுறை பட்டால் போதும். கதிர் பால் பிடிப்பதற்கு இரண்டு கிழமை முன்னரே வேலியைப் போட வேண்டும். நெல்லின் ருசி தெரிந்த கூட்டம் அடி வாங்கிக்கொண்டும் நுழையும். கம்பிக்குக் கீழே புல் வளர்ந்து தொட்டால் மின் முழுவதும் நிலத்துக்குள் போய்விடும், கிழமைக்கு ஒருமுறை செதுக்காதவன் வேலிக்குக் காசைக் கொட்டியதுதான் மிச்சம். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுப்பது மனிதக் கொலையில் முடிகிறது, யானைச் சாவிலும் முடிகிறது. அதைச் செய்பவர் மீது இரக்கம் காட்டி எழுத வேண்டாம் என்று பத்திரிகைகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரப்போவதாக அடிக்குறிப்பு இருந்தது. அதில் ‘60 மீற்றர்’ என்பதைத் திருத்தி வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். படத்தையும் மாற்றவும். அதில் சிவப்புப் புள்ளி பன்றியின் உடல் நடுவில், தோளுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே ஈரலும் இரைப்பையும்தான் இருக்கின்றன. பன்றியின் நெஞ்சறை மானுடையதை விட முன்னுக்கும் கீழுக்கும் இருக்கும். பக்கவாட்டாக நிற்கும் பன்றியில், முன்காலின் பின்மடிப்புக்கு நேர் மேலே, உடலின் உயரத்தில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில்தான் அந்தப் புள்ளி இருக்க வேண்டும்.

இவண்,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.